மூச்சு விடும் மரப்பெட்டி

சந்தையில் வாங்கிய வெங்காயம் ஒரே வாரத்தில் முளைவிடுகிறது. தோலை உரித்தால் கரித்தூள் படிந்தாற்போல் கறுப்புப் பூஞ்சை தெரிகிறது. உருளைக்கிழங்கோ பச்சையாகிவிடுகிறது. ‘சரக்கு சரியில்லை’ என்று கடைக்காரரைக் குறை சொல்கிறோம். பல நேரங்களில் குறை நாம் வைத்திருக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் இருட்டும் வேண்டும், காற்றும் வேண்டும். கட்டிய பிளாஸ்டிக் பையில் காற்று இல்லை. கம்பிக் கூடையில் காற்று உண்டு, இருட்டு இல்லை. மூடிய அலமாரியில் இருட்டு உண்டு, காற்று இல்லை. இரண்டையும் ஒன்றாகத் தரும் மரப்பெட்டியை வீட்டிலேயே செய்துவிடலாம்.

பறித்த பின்னும் உயிர் உண்டு

அறுவடை செய்த பிறகும் காய்கறி மூச்சு விடுகிறது. பிராண வாயுவை எடுத்துக்கொண்டு, தன்னிடமுள்ள சர்க்கரையைச் செலவழித்து, கரியமில வாயு, நீராவி, வெப்பம் ஆகியவற்றை வெளியேற்றுகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் இந்த வேகம் ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்காகிறது. நம் நாட்டுச் சமையலறைகளிலோ பகலில் 30 பாகை சாதாரணம். காற்றின் ஈரப்பதமும் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. போதாததற்கு, நாம் வாங்கும் பெரிய வெங்காயமும் உருளைக்கிழங்கும் பெரும்பாலும் கப்பலேறி வருபவை. வழியிலேயே ஆயுளில் ஒரு பகுதி கழிந்திருக்கும். காற்று ஓடாத இடத்தில் வைத்தால், வெளியேறும் நீராவி தோலின்மேலேயே தங்கி, பூஞ்சைக்கு வழிவிடுகிறது.

வெளிச்சத்தின் தீங்கு வேறு வகை. உருளைக்கிழங்கின் பச்சை நிறம் இலைகளில் உள்ள அதே பச்சையம்தான். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் வெளிச்சம் படும்போது சொலனின் என்ற நச்சுப்பொருளும் உடன் பெருகுகிறது. வேகவைத்தாலும் அது எளிதில் அழிவதில்லை. அளவு மிஞ்சினால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். சிறு பச்சைத் திட்டு என்றால் அந்த இடத்தை ஆழமாக வெட்டி எறியலாம். கிழங்கே பச்சையாக இருந்தாலோ கசந்தாலோ, முக்கியமாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். சமையலறை விளக்கு வெளிச்சமே கிழங்கைப் பச்சையாக்கப் போதும்.

ஒரே பெட்டி, இரண்டு அறைகள்

வெங்காயம் வறட்சியை விரும்பும். 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதம் அதற்கு ஏற்றது. உருளைக்கிழங்கு வாடாமல் இருக்க 90 விழுக்காட்டுக்கு மேல் தேவை. இரண்டையும் சேர்த்துக் கொட்டினால், கிழங்கின் ஈரத்தில் வெங்காயம் வேர்விடும், அழுகும். வெங்காயம் விடும் எத்திலீன் வாயுதான் கிழங்கைக் கெடுக்கிறது என்று பலர் சொல்வதுண்டு. வெங்காயம் வெளியிடும் எத்திலீன் மிகச் சொற்பம். உண்மையான சிக்கல் ஈரம். எனவே பெட்டியின் நடுவில் தடுப்புப் பலகை கட்டாயம்.

மரம் ஏன்?

மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், காற்று வறண்டால் திருப்பிக் கொடுக்கும். அதனால் பிளாஸ்டிக்கில் போல் உட்புறம் நீர்த்துளிகள் எளிதில் கோத்துக்கொள்வதில்லை. நம் நாட்டில் எளிதாகக் கிடைப்பது ரப்பர் மரம். பால் வற்றிய மரங்களை ஒரு காலத்தில் விறகாக எரித்தோம். இன்று அவையே நாற்காலி, மேசைகளாகி ஏற்றுமதியாகின்றன. பூச்சியும் பூஞ்சையும் இதை எளிதில் தாக்கும் என்பதால், உலர்த்திப் பதப்படுத்திய பலகையாகக் கேட்டு வாங்குங்கள்.

சரக்கு இறக்கிய பழைய பேலட் பலகைகளும் உதவும். அவற்றில் உள்ள முத்திரையைப் பாருங்கள். ‘எச்டி’ என்றிருந்தால், மரத்தின் உட்பகுதி வரை குறைந்தது 56 பாகையில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள். ‘எம்பி’ என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகையிட்டது, அதைத் தவிருங்கள். எண்ணெய்க் கறை படிந்ததும் வேண்டாம்.

செய்முறை

அகலம் 60 செ.மீ., ஆழம் 35 செ.மீ., உயரம் 35 செ.மீ. போதும். பலகையின் கனம் 1.8 செ.மீ. இருக்கட்டும். நடுத்தடுப்பு போக, ஒவ்வோர் அறையின் உள்ளகலமும் 27.3 செ.மீ. வரும்.

அடிப்பாகத்தை முழுப்பலகையாக மூடாமல், 4 செ.மீ. அகலச் சட்டங்களை 1 செ.மீ. இடைவெளி விட்டு அடியுங்கள். கீழே 10 செ.மீ. உயரக் கால்கள் பொருத்தினால், தரை கழுவும் நீர் படாது. காற்றும் அடியிலிருந்து ஏறும்.

முன்பக்கம்தான் முக்கியம். 6 செ.மீ. அகலமும் 1.2 செ.மீ. கனமும் கொண்ட பட்டிகளை, பழைய மரச் சன்னல்களில் இருப்பதுபோல் 45 பாகை சாய்த்து, 4 செ.மீ.க்கு ஒன்றாகப் பொருத்துங்கள். வெளி விளிம்பு தாழ்ந்திருக்க வேண்டும். ஒன்றின் விளிம்பு மற்றொன்றை மறைப்பதால் நேர் வெளிச்சம் உள்ளே புகாது. பட்டிகளுக்கு இடையே 1.6 செ.மீ. வழியில் காற்று ஓடும்.

பின்பலகையை மட்டும் 2 செ.மீ. குட்டையாக வெட்டுங்கள். மூச்சு வெப்பத்தால் சூடேறிய காற்று அந்த இடுக்கு வழியே வெளியேறும். அதன் இடத்தில் அடியிலிருந்து புதுக்காற்று நுழையும். மூடி பின்பக்கம் 3 செ.மீ. நீண்டிருந்தால் வெளிச்சமும் தடைபடும். பெட்டியைச் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி வையுங்கள்.

மரம் ஈரத்தில் அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் பெரும்பாலும் மாறாது. ஆகவே மூடியை இறுக்கமாகப் பொருத்தாமல், அடியில் இரு சட்டங்கள் அடித்துச் சும்மா வைத்தால் போதும். துருப்பிடிக்காத திருகாணிகளைப் பயன்படுத்துங்கள். உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். சாயமோ வார்னிஷோ பூச வேண்டாம்.

எதிர்பார்ப்பில் அளவு

இந்தப் பெட்டி குளிர்பதனப் பெட்டி ஆகாது. அறையின் வெப்பத்தை இது குறைக்காது. ஓர் அறைக்கு நான்கைந்து கிலோ, மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம். இரண்டு வாரத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். பூண்டு வெங்காயத்தோடு இருக்கலாம். கீரை, கேரட் போன்றவை குளிர்பதனப் பெட்டிக்கே உரியவை. உருளைக்கிழங்கை அங்கே வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகி, பொரிக்கும்போது சீக்கிரம் கருகும்.

எதையும் கழுவி உள்ளே போடாதீர்கள். வாரம் ஒரு முறை கிளறிப் பார்த்து, அழுகியதை உடனே எடுத்துவிடுங்கள். மாதம் ஒரு முறை பெட்டியைக் காலிசெய்து வெயிலில் காயவைத்தால், பூஞ்சை மரத்தில் குடியேறாது.