பெருவிரல் திசை மாறும்போது

நாள் முழுவதும் நம்மைச் சுமக்கும் பாதங்களை, வலி வந்த பிறகே நாம் குனிந்து பார்க்கிறோம். அவ்வாறு பார்க்கையில் பலர் காண்பது, பெருவிரல் அடுத்த விரலை நோக்கிச் சாய்ந்து, அதன் அடிமூட்டு பாதத்தின் உட்புறம் புடைத்திருப்பதையே. மருத்துவர்கள் இதனை ‘ஹாலக்ஸ் வால்கஸ்’ என்பர்.

புதிதாக எலும்பு வளர்ந்துவிட்டதென அஞ்ச வேண்டியதில்லை. விரலின் பின்னுள்ள பாத எலும்பு ஒருபுறம் விலக, விரல் மறுபுறம் சாய்கிறது. சாய்வு 15 பாகையைக் கடந்தால் கோணல் எனக் கணிப்பர். பரம்பரையாக வரும் பாத அமைப்பும் முடக்குவாதமும் இதற்குக் காரணமாகலாம். பெண்களுக்கே இது மிகுதி. குறுகிய முனையும் உயர்ந்த குதியும் கொண்ட காலணிகள் நிலையை மோசமாக்குகின்றன.

ஆகவே, சிகிச்சையின் முதற்படி காலணியை மாற்றுவதே. எளிய சோதனை ஒன்றுண்டு: வெள்ளைத் தாளின்மீது நின்று பாதத்தின் விளிம்பை வரைந்து, அதன்மேல் காலணியை வைப்போம். கோடு வெளியே தெரிந்தால் அக்காலணி நமக்குரியதன்று. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்குமாதலால், புதிய காலணியை அப்போது வாங்குவது நன்று.

விரல்களுக்கிடையே வைக்கும் மெத்தைகளும் இரவில் அணியும் பட்டைகளும் வலியைத் தணிக்கலாம். வளைந்த எலும்பை நிலையாக நிமிர்த்தா. நிமிர்த்துவதாகக் கூறும் விளம்பரங்களுக்குப் பணத்தைச் செலவிடும் முன் சிந்திப்போம்.

இவற்றாலும் நடை தடைப்படுமானால் அறுவை சிகிச்சை உண்டு. எலும்பை வெட்டி, நேராக்கி, திருகாணியால் பொருத்துவர். எலும்பு கூடப் பல வாரங்களும், வீக்கம் முழுதும் வடியச் சில மாதங்களும் ஆகும்; கோணல் மீண்டும் வரவும் கூடும். எனவே தோற்றத்திற்காக அன்றி, வலிக்காகவே இதனை நாட வேண்டும். அழகுக்காக மட்டும் செய்யும் சிகிச்சையை மருத்துவக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரே, மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டறிவது நலம்.

நீரிழிவு உள்ளோர்க்கு மட்டும் வலியை நம்பியிருத்தல் ஆகாது. உணர்ச்சி மங்கிய பாதத்தில், புடைப்பின்மேல் காலணி உரசிய சிறு கொப்புளமும் ஆறாப் புண்ணாகலாம். அவர்கள் நாள்தோறும் உறங்கும்முன் பாதங்களைப் பார்க்க வேண்டும். குனிய இயலாத முதியோர்க்கு, வீட்டிலுள்ள இளையோர் அந்த ஒரு நிமிடத்தை அளிக்கட்டும்.