கீழே கிடந்த பில்லு, பாயிண்ட் யாருக்கு?



போன மாதம் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடித்த பிறகு ஒரு விஷயம் பேச்சுக்கு வந்தது. பேச்சு சண்டையாகி, டீ ஆறிப் போய், கடைசி பஸ்ஸையும் ரெண்டு பேர் விட்டுவிட்டார்கள். அதனால் இந்த இதழில் அதைப் பற்றியே எழுதச் சொன்னார்கள்.

நம்ம உறுப்பினர் ஒருவர் டவுனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்து வந்தார். பெயர் வேண்டாம், அவரே வேண்டாம் என்றார். அந்தக் கடையில் 100 ரூபாய்க்கு வாங்கினால் 1 பாயிண்ட். பில் போடும்போது செல்போன் நம்பர் சொன்னால் அதில் ஏறிவிடும். சொல்ல மறந்தவர்கள் அன்றைக்கே பில்லைக் கொண்டுபோய் கவுண்டரில் காட்டி ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் பாதிப் பேர் பில்லைக் கசக்கி வாசலிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். இவர் அதை எடுத்து விரித்து, வேலை முடிந்து போகும்போது தன் நம்பரில் ஏற்றி வந்திருக்கிறார். மூன்று மாதத்தில் 340 ரூபாய் அளவுக்குச் சேர்ந்தது. பிள்ளைக்கு நோட்டும் எண்ணெய் பாக்கெட்டும் வாங்கினாராம்.

ஒரே நம்பரில் ஒரே நாளில் ஏழு பில் ஏறியதைக் கம்ப்யூட்டர் காட்டிக் கொடுத்தது. "திருடி" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார்கள். 11 நாள் சம்பளமும் நின்றது. அந்த மாதம் குழுவில் வாங்கிய கடனுக்குத் தவணையும் கட்ட முடியவில்லை. "குப்பையில கிடந்ததைத்தானே எடுத்தேன், யார் வீட்டுலயும் கை வைக்கலையே" என்று அவர் அழுதபோது, பாதிப் பேர் அவர் பக்கம், பாதிப் பேர் எதிர்ப்பக்கம்.

பாயிண்ட் என்பது என்ன?

நாம் அதை இனாம் என்று நினைக்கிறோம். இனாம் இல்லை. அமெரிக்காவில் 1896-லேயே ஸ்பெரி அண்ட் ஹட்சின்சன் என்ற கம்பெனி பச்சை நிற ஸ்டாம்பு கொடுக்கும் முறையைத் தொடங்கியது. கடையில் சாமான் வாங்கினால் தொகைக்குத் தகுந்தபடி ஸ்டாம்பு தருவார்கள். புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்தால் பாத்திரம் பண்டம் வாங்கலாம். ஸ்டாம்பில் யார் பெயரும் கிடையாது. 

பிரிட்டனில் டெஸ்கோ கடைக்காரர்கள் 1995-ல் கிளப்கார்டு கொண்டுவந்தபோது கதை மாறியது. பாயிண்ட் ஆளோடு ஒட்டிக்கொண்டது. யார் என்ன வாங்குகிறார், எந்தக் கிழமை வாங்குகிறார், எதை நிறுத்திவிட்டார் என்ற விவரம் கடைக்குக் கிடைத்தது. கடைக்காரர் தரும் அந்தச் சில்லறை, இந்த விவரத்துக்கும் நாம் மறுபடி அதே கடைக்கு வருவதற்கும் கொடுக்கும் விலை. இன்றைக்கு நம் ஊர்க் கடைகளில் செல்போன் நம்பர் கேட்பதும் இதற்குத்தான்.

ஆக, நம்பர் சொல்லாமல் போனவருக்குப் பாயிண்ட் பிறக்கவே இல்லை. அவர் இழந்தது ஒன்றும் இல்லை. இந்த இடத்தில் நம் உறுப்பினர் சொன்னது சரி. வாங்கியவர் வீசிய காகிதத்தை எடுத்தது திருட்டு ஆகாது.

அப்படியானால் தப்பு எங்கே? நானும் முதலில் தடுமாறினேன். எனக்கு விளங்க வைத்தது சோப்பு உறைதான். ஐந்து சோப்பு உறை அனுப்பினால் ஒரு டப்பா இலவசம் என்று விளம்பரம் வரும். பிள்ளைகள் தெருவெல்லாம் பொறுக்கி அனுப்புவார்கள். அது தப்பா? இல்லை. "உறை கொண்டு வா" என்றுதான் கம்பெனி சொல்லியது. குளித்தது யார் என்று கேட்கவில்லை. ஆனால் கடையில் பாயிண்ட் ஏற்றும் கவுண்டரில் கேள்வியே வேறு. வாங்கியவர் மறந்துவிட்டால் வந்து ஏற்றிக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான் அந்த வசதி. அங்கே பில்லை நீட்டுவதே "இதை நான் வாங்கினேன்" என்று சொல்வதுதான், வாய் திறக்காவிட்டாலும். காகிதத்தை எடுத்ததில் பொய் இல்லை, நீட்டியதில்தான் பொய். பொய் சொல்லி நம்பவைத்து ஆதாயம் பெறுவதைச் சட்டமும் ஏமாற்று என்றுதான் சொல்கிறது (பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 318). 340 ரூபாய்க்கு யாரும் கேஸ் போடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "கோடிக்கணக்குல சம்பாதிக்கிற கடைக்கு இது ஒரு நஷ்டமா?" நஷ்டம் சின்னதுதான். நம் குழுவிலும் 1,500 ரூபாய் சேமிப்பில் 5 ரூபாய் குறைந்தால் சின்னதுதான். ஆனாலும் ரொக்கப் புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்து தேடுகிறோமே.

கல்லாவில் உட்காருபவர்கள்

நம் பெண்கள் பலர் பில் கவுண்டரில் வேலை பார்க்கிறார்கள். வாங்க வந்தவர் "நம்பர் எல்லாம் வேணாம்மா" என்று சொன்னால் தன் நம்பரையோ தம்பி நம்பரையோ அடித்துவிடும் பழக்கம் சில இடத்தில் இருக்கிறதாம். இதைக் கீழே கிடந்த பில்லோடு சேர்க்க முடியாது. இது பெரிய தப்பு. கல்லாவை நம்பி ஒப்படைத்திருக்கும் இடத்தில் கை நீளுகிறது. வாங்கியவர் பிறகு மனம் மாறி பில்லோடு வந்து பாயிண்ட் கேட்டால் ஏற்கனவே ஏறிவிட்டது என்று வரும், மாட்டிக்கொள்வோம். வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வாங்கும் தாளில் இதைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

வீட்டு வேலை பார்க்கும் உறுப்பினர்களுக்கு இன்னொரு சங்கடம். முதலாளியம்மா பணம் கொடுத்து மளிகை வாங்கி வரச் சொல்கிறார். கடையில் யார் நம்பரைச் சொல்வது? பணம் அவருடையது. பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்று மூட்டை தூக்கியது நாம். என்னைக் கேட்டால், முதல் தடவையே கேட்டுவிடுங்கள்: "அம்மா, பாயிண்ட் உங்க நம்பர்ல ஏத்தட்டா, என் நம்பர்லயா?" பலர் "நீயே வச்சுக்கோ" என்பார்கள். கேட்டு வாங்கிய 20 ரூபாய்க்கும் கேட்காமல் எடுத்த 20 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம், பிறகு அந்த வீட்டில் ஏதாவது காணாமல் போகும் அன்றைக்குத் தெரியும்.

பில்லுக்கே பரிசு

கேரளாவில் 2022 ஆகஸ்டில் 'லக்கி பில்' என்று அரசாங்கமே தொடங்கியது. கடை பில்லைப் படம் எடுத்து அனுப்பினால் குலுக்கலில் பரிசு. தினசரிப் பரிசில் ஒன்று குடும்பஸ்ரீ பெண்கள் தயாரித்த பொருட்கள். நம்மைப் போன்ற குழுப் பெண்களுக்குக் கிடைத்த ஆர்டர் என்பதால் இதைச் சொல்கிறேன். மத்திய அரசும் 2023 செப்டம்பரில் 'மேரா பில் மேரா அதிகார்' என்று புதுச்சேரி உட்படச் சில இடங்களில் சோதனையாக நடத்தியது. 200 ரூபாய்க்கு மேற்பட்ட பில், ஒருவருக்கு மாதம் 25 பில் வரைதான். பொறுக்கிச் சேர்ப்பவர்களை நினைத்துத்தான் இந்தக் கணக்கு வைத்தார்களோ என்று எனக்குத் தோன்றும். இந்தத் திட்டங்கள் வந்ததே, பில் கேட்டு வாங்கும் பழக்கம் மக்களுக்கு வரவேண்டும் என்பதற்காக.

பில்லைக் கண்ட இடத்தில் போடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வீசிய பில்லை எடுத்து, அதில் இருக்கும் பொருளைக் கடை அலமாரியிலிருந்தே எடுத்து "திருப்பித் தர்றேன், பணம் கொடுங்க" என்று கேட்கும் ஆட்களும் உண்டு. அது பச்சைத் திருட்டு. மருந்துக்கடை பில்லில் உங்கள் பெயரும் நோயும் தெரியும். பொருள் கெட்டிருந்தால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக அந்தப் பில்தான் சாட்சி. வழவழப்பான பில் சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும், மிக்சி, குக்கர் வாங்கிய பில்லை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். அந்த வழவழப்புக் காகிதம் பலவற்றில் பிஸ்பினால் என்ற ரசாயனம் இருக்கிறது, தோல் வழியே உடம்பில் சேரும். ஐரோப்பிய நாடுகளில் 2020 முதல் பிஸ்பினால் ஏ வகைக்குக் கட்டுப்பாடு உண்டு. குழந்தை கையில் விளையாடக் கொடுக்கவேண்டாம்.

நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடையில் சொன்னால் மயங்காதீர்கள். கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

இனி அந்த உறுப்பினர் விஷயம். கவுண்டரில் அவர் செய்தது தப்பு என்று நானும் சொன்னேன், அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். ஆனால் கடை செய்தது அதைவிடச் சரி என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். "இப்படிச் செய்யக் கூடாது" என்று யாரும் அவரிடம் முன்னால் சொல்லவில்லை. விளக்கம் கேட்காமல் சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது. வேலையை விட்டு நிறுத்தினால் இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்கவேண்டும் என்பது சட்டம். இதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, கூட்டமைப்புத் தலைவியும் ஊக்குநரும் அவரோடு போனார்கள். 340 ரூபாயை அவரே எடுத்து மேசையில் வைத்தார். 11 நாள் சம்பளம் மறுநாள் வந்தது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கப் போகிறார். குழு இரண்டு மாதத் தவணையைத் தள்ளி வைத்திருக்கிறது.

இத்தனையும் பேசி முடித்தபோது நம் கணக்காளர் மெதுவாக ஒன்று கேட்டார்: "நாம பயிற்சிச் சாப்பாட்டுக்கு மளிகை வாங்குறோமே, அந்தப் பாயிண்ட் எங்க போகுது?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாங்கப் போவது நான்தான். இரண்டு வருடமாக என் நம்பரைத்தான் சொல்லி வந்திருக்கிறேன், யோசிக்காமலே. அங்கேயே கடைக்குப் போன் போட்டுக் கேட்டோம்: 186 ரூபாய் இருந்தது. அடுத்த பயிற்சிக்கு வாங்கும்போது அதைக் கழித்து, கூட்டமைப்பு வரவில் எழுதியிருக்கிறோம். இனி கூட்டமைப்பின் நம்பரையே சொல்வது என்று தீர்மான நோட்டில் எழுதி, வந்திருந்த 16 பேரும் கையெழுத்துப் போட்டோம்.