சிவப்பு விளக்கும் சைக்கிள் தர்மமும்

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை, கிருஷ்ணகிரிக்கும் ஒசூருக்கும் இடையே குந்தாரப்பள்ளியின் வழியே செல்கிறது. வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடுமாடுகளுடன் வரும் குடியானவர்களும், ஒசூர் ஆலைகளுக்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரிகளும் ஒரே சாலையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இவ்விரு சாராருக்கும் நடுவே நெருக்குண்பவன் சைக்கிள்காரனே.

நகரச் சந்திகளில் சிவப்பு விளக்கு எரிகையில், அது தமக்குச் சம்பந்தமற்றது என்ற பாவனையில் நழுவிச் செல்லும் சைக்கிள்காரர்கள் பலர். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சைக்கிள் மோட்டார் வாகனமன்று. அதற்கு லைசென்ஸும் இல்லை, நம்பர்ப் பலகையும் இல்லை. ஆனால், தண்டனைப் பயம் இல்லாத இடத்தில் ஒருவன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதன்றோ சுயராஜ்யத்தின் உண்மையான பரீட்சை? விளக்கை நம்பிச் சாலையைக் கடக்கும் கிழவிக்கு, தன்மேல் மோதுவது சைக்கிளாயினும் மோட்டாராயினும் காயம் காயமே.

அமெரிக்காவின் ஐடஹோ ராஜ்யம் 1982-லும், பாரிஸ் நகரம் 2012-லும் சைக்கிள்காரர்களுக்குச் சில சலுகைகள் அளித்தது மெய்தான். எனினும் அவை சட்டம் மனமுவந்து கொடுத்தவை. பிறருக்கு வழிவிட்ட பின்னரே அனுபவிக்கத்தக்கவை. தாமே எடுத்துக்கொள்வது சலுகையாகாது.

நிற்பதிலும் முறையுண்டு. கோட்டுக்குப் பின்னால் காலூன்றி நிற்க வேண்டும். நடப்பவர்களின் பாதையை மறைக்கலாகாது. எல்லாவற்றினும் முக்கியமாக, நிற்கும் லாரியின் இடப்பக்கத்து இடுக்கில் நுழையலாகாது. நமது நாட்டில் டிரைவரின் ஆசனம் வலப்புறம் இருப்பதால், இடப்பக்கத்தை ஒட்டி நிற்பவன் அவர் கண்ணில் படுவதரிது. லாரி இடப்புறம் திரும்புகையில் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உட்புறமாக வெட்டி வரும். அவ்விடுக்கில் அகப்பட்டவன் கதி என்னாகும்? அரை நிமிஷ லாபத்திற்கு உயிரைப் பணயம் வைப்பது தைரியமன்று.

இவ்வளவும் சைக்கிள்காரரின் கடமை. அதை வற்புறுத்தும் நாம், அவரது உரிமையையும் வற்புறுத்தக் கடமைப்பட்டிருக்கிறோம். ஹாலந்து, பிரிட்டன் முதலிய தேசங்களில் பல சந்திகளில், மோட்டார்கள் நிற்கும் கோட்டுக்கு முன்பாகச் சைக்கிள்களுக்கெனத் தனியிடம் வரைந்து விடுகிறார்கள். அங்கு நிற்பவர் டிரைவரின் கண்ணுக்கு எதிரிலேயே இருப்பர். இதற்கு வேண்டியது சிறிது சாயமும், அந்த இடத்தில் ஏறி நிற்கும் மோட்டார்களைத் தடுக்கச் சிறிது உறுதியுமே. பள்ளிச் சிறுவர் சிறுமியருக்கு இலவசமாகச் சைக்கிள் வழங்கும் சர்க்கார், அவர்கள் அச்சமின்றி நிற்கப் பத்தடி இடமும் வழங்குவதே நியாயம்.