சில நொடிகளைக் காக்கும் ரசாயனம்

குரங்கின் எதிரே ஒரு திரை. நடுவிலுள்ள புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. சுற்றியுள்ள எட்டு இடங்களில் ஏதோ ஒன்றில் அரை நொடி ஒளி தோன்றி மறையும். பிறகு வெறும் காத்திருப்புதான். சில நொடி கழித்து நடுப்புள்ளி அணைந்ததும், ஒளி இருந்த இடத்துக்குக் கண்ணைத் திருப்ப வேண்டும். சரியாகச் செய்தால் பரிசு.

அந்தச் சில நொடியும் இடம் எங்கே பத்திரமாக இருந்தது?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ ஃபுனஹாஷி, சார்ல்ஸ் புரூஸ், பட்ரீஷியா கோல்ட்மன்-ராகிக் மூவரும் 1989-இல் விடை தந்தார்கள். நெற்றிக்கு நேர் பின்னால் இருக்கும் முன்நெற்றிப் புறணியில், ஒளி மறைந்த பின்னும் சில நரம்பணுக்கள் ஓயாமல் துடித்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை. துடிப்பு பாதியில் தளர்ந்தால் குரங்கின் கண் வழி தவறியது.

இந்தத் துடிப்பு அணையாமல் இருக்க டோபமைன் என்ற மூளை ரசாயனம் வேண்டும். டோபமைன் என்றாலே இன்பம் என்று எழுதிப் பழகிவிட்டோம். அது செய்யும் வேலையில் பாதியைக்கூட அந்தச் சொல் காட்டாது. தாமஸ் புரோசோஸ்கியும் கோல்ட்மன்-ராகிக்கும் இருந்த குழு, 1979-லேயே ஒரு சோதனை செய்தது. போன தடவை இடப்பக்கம் தீனி கிடைத்திருந்தால் இந்தத் தடவை குரங்கு வலப்பக்கம் தேட வேண்டும். முன்நெற்றிப் புறணியில் டோபமைனை மட்டும் வற்றச் செய்தார்கள். அந்தப் பகுதியையே வெட்டி எடுத்ததற்கு ஏறத்தாழ நிகராகக் குரங்குகள் தடுமாறின. பார்கின்சன் நோயாளிகளுக்குத் தரும் எல்-டோபாவைக் கொடுத்ததும் நினைவு திரும்பியது. திசு அப்படியே இருந்தது, குறைந்தது ரசாயனம்தான்!

1991-இல் தோஷியுகி சவாகுச்சியும் கோல்ட்மன்-ராகிக்கும் இன்னும் நுணுகிப் பார்த்தார்கள். நரம்பணுக்களில் டோபமைனைப் பிடித்துக்கொள்ளும் டி1 ஏற்பிகளை அடைத்தபோது, கண்முன் தெரியும் ஒளியைக் குரங்கு பிசகாமல் பார்த்தது. நினைவில் வைத்த இடத்தைத்தான் தவறவிட்டது. காத்திருப்பு நீள நீளப் பிழையும் கூடியது.

அப்படியானால் டோபமைன் கூடக்கூட நல்லதா? இல்லை. யேலில் ஏமி ஆர்ன்ஸ்டனின் ஆய்வகம் 2007-இல் காட்டியது இதுதான்: டி1 ஏற்பிகளை அளவாகத் தூண்டினால், வேறு திசைகளுக்கான வீண் துடிப்பு அடங்கி, வேண்டிய திசை தெளிவாகிறது. அளவு மிஞ்சினால் அந்தத் திசைக்கான துடிப்பும் சேர்ந்து அடங்கிவிடுகிறது. கடும் பதற்றத்தில் இப்பகுதியில் டோபமைனும் நார்அட்ரினலின் என்ற இன்னொரு ரசாயனமும் பெருகுகின்றன. பதற்றத்தில் இப்போது வைத்த சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுபவரைச் சோம்பேறி என்று திட்டுவது அநியாயம்.

நார்அட்ரினலினுக்கும் இதே அளவுக் கணக்குதான். மிதமாக இருக்கும்போது அது ஆல்ஃபா-2ஏ ஏற்பியைப் பிடித்து, நரம்பணுக்களின் இணைப்பை உறுதியாக்குகிறது. அதே ஏற்பியைத் தூண்டும் குவான்ஃபசின் முதலில் ரத்த அழுத்த மாத்திரை. கவனக்குறைவும் துறுதுறுப்பும் மிகுந்த குழந்தைகளுக்கு அதைத் தர அமெரிக்க மருந்துத் துறை 2009-இல் அனுமதித்தது. அதற்கு ஆறு ஆண்டு முன்பே, 2003-இல், இந்த ஆய்வுகளில் முன்னின்ற கோல்ட்மன்-ராகிக் சாலை விபத்தில் இறந்துவிட்டார்.