மின்நூலில் மத்ஹப்: தேடலும் சரிபார்த்தலும்

தமிழ்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபி, ஷாஃபிஈ என்னும் இரு மத்ஹபுகளைப் பின்பற்றுகிறார்கள். குர்ஆனையும் நபிமொழியையும் கொண்டு சட்டம் வகுக்கும் மரபே மத்ஹப். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈயும், ராவுத்தர்களிடமும் உருது பேசுவோரிடமும் ஹனஃபியும் வேரூன்றின.

இதனால் ஒரே கேள்விக்கு இணையத்தில் இரு விடைகள் வரும். நண்பகல் நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமானதும் அஸர் என்னும் பிற்பகல் தொழுகையின் நேரம் தொடங்கும் என்பது ஷாஃபிஈ சட்டம். இருமடங்கான பிறகே என்றார் இமாம் அபூஹனீஃபா. அவருடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் முதல் கணக்கையே ஏற்றார்கள். எனவே 'ஹனஃபி நூல்' என்ற அடையாளம் மட்டும் போதாது. கருத்து யாருடையது என்பதும் தெரிய வேண்டும்.

முன்பு இத்தகைய சட்ட நூல்களுக்கு வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற அரபிக் கல்லூரிகளை நாட வேண்டியிருந்தது. இன்று தென்காசி மாவட்டம் கீழப்பாவூரில் இருப்பவரும் கைப்பேசியில் 'மக்தபா ஷாமிலா' மின்நூலகத்தின் ஆயிரக்கணக்கான அரபு நூல்களைத் தேடலாம். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், ஈழத்து வெளியீடுகளுக்கு 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டமும் உண்டு. ஷாஃபி, சாபி, ஷாஃபிஈ என எழுத்துமுறை மாறுவதால் எல்லா வடிவிலும் தேட வேண்டும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய 'ஃபத்ஹுத் தய்யான்' போன்றவை, தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில் உள்ளவை; தமிழ் எழுத்தில் உள்ளடக்கத்தைத் தேடினால் அவை சிக்குவது அரிது. நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் கொண்டே தேட வேண்டும்.

கிடைத்ததைச் சரிபார்க்க, தட்டச்சு செய்த பனுவலை அச்சுநூலின் பக்கப் படத்தோடு ஒப்பிட வேண்டும். பதிப்பகம், ஆண்டு, பாகம், பக்க எண் இல்லாத மேற்கோளை ஒப்பிடுவது கடினம். உரைநூல்களில் கூடுதல் கவனம் தேவை: மூலத்தைப் பிரித்துக்காட்டும் அடைப்புக்குறிகள் நகலெடுக்கும்போது உதிர்ந்தால், உரையாசிரியரின் சொல் மூல ஆசிரியரின் சொல்லாகிவிடும்.

மேற்கோள் உண்மையாக இருந்தும் சட்டமாகாமல் போகலாம். இமாம் ஷாஃபிஈ (இறப்பு 820) பாக்தாதில் சொன்ன பல கருத்துகளை எகிப்தில் மாற்றிக்கொண்டார். சில விதிவிலக்குகள் தவிர, பிந்தையதே மத்ஹபின் நிலைப்பாடு. அதை அறிய இமாம் நவவியின் (இறப்பு 1277) 'மின்ஹாஜ்', அதற்கு எழுந்த உரைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நடைமுறைக்கு எடுக்கும் முன், பதிப்பு விவரத்தோடு அந்தப் பக்கத்தை அதே மத்ஹபைக் கற்ற ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரிடம் காட்டிக் கேட்பதே முறை.