உப்புக்கொத்தியும் முனைவர் பட்டமும்

காரைக்கால் மாவட்டத்தின் தென்பகுதியில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனில் அமைந்த போலகம், காவிரியின் கிளையாறுகள் வண்டல் கொண்டுவந்து சேர்க்கும் கரையோரத்தைச் சேர்ந்தது. இக்கரை நாகூர், நாகப்பட்டினம், வேதாரண்யம் எனத் தெற்கே நீண்டு, 2002இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரையை அடைகிறது. வடதுருவத்தை ஒட்டிய மரமற்ற உறைநிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு வலசை வரும் கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் இரைதேடும் இக்கரையில், உயிரியலில் முதுகலை முடித்த ஒரு மாணவர் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பொருள் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. ஆய்வுக்கூடம்தான் தொலைவில் இருக்கிறது.

ஓர் உயிரின் கலத்திலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் மரபணுத்தொகை என்பர். பறவைகளில் அது ஏறத்தாழ 100 கோடி முதல் 120 கோடி எழுத்துகள் கொண்டது, அதாவது மனித மரபணுத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு. அதனை அவ்வுயிர் வாழும் நிலம், நீர், இரை, பருவம் ஆகியவற்றோடு பொருத்திப் படிக்கும் துறையே சூழலியல் மரபணுத்தொகையியல். பாலூட்டிகளின் சிவப்பணுக்களில் உட்கரு இல்லை, பறவைகளின் சிவப்பணுக்களில் உண்டு என்பதால், இறக்கையின் நரம்பிலிருந்து எடுக்கும் ஒரு சிறுதுளிக் குருதியே இவ்வாய்வுக்குப் போதுமான டி.என்.ஏ.வைத் தந்துவிடுகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையமிட்டு வந்துள்ளது. அவ்வளையம் பறவை பிடிபட்ட இடத்தையும் மீண்டும் அகப்பட்ட இடத்தையும் சொல்லும் என்றால், குருதித்துளி அதன் முன்னோர் எந்தக் கூட்டத்தோடு கலந்தனர், எப்போது பிரிந்தனர் என்பதைச் சொல்லும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. வளையமிடக் கற்ற கை இல்லாமல் குருதித்துளியும் கிடைக்காது.

இத்துறை தமிழ்க்கரைகளுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை அனுமன் உப்புக்கொத்தியின் வரலாறு காட்டுகிறது. ஏறக்குறைய சிட்டுக்குருவி அளவே உள்ள இப்பறவை, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நிலையாக வாழ்ந்து, வெறுந்தரையில் முட்டையிடுவது. 1915இல் விவரிக்கப்பட்டது முதல் நூறாண்டுக்கும் மேலாக இது, ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியா வரை பரவிய கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு துணையினம் என்றே பெரும்பாலும் கருதப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்ன உள்ளிட்ட ஆய்வாளர்கள், வெளிநாட்டு ஆய்வாளர்களோடு இணைந்து, இதன் உடலளவுகளையும் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டு, இதன் கால்வழி 10 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டது எனக் கண்டு, இது தனியினம் என்று ‘ஐபிஸ்’ ஆய்விதழில் 2023இல் வெளியிட்டனர். மன்னாரை ஒட்டிய ராமர் பாலத்தின் நினைவாகவே அனுமனின் பெயர் இதற்கு அமைந்தது.

அந்த ஆய்வு முடித்துவைத்த கேள்வியைக் காட்டிலும் திறந்துவிட்ட கேள்விகளே ஒரு முனைவர் பட்ட மாணவருக்கு உரியவை. பாக் நீரிணையின் இரு கரைகளிலும் வாழும் அனுமன் உப்புக்கொத்திகள் தம்முள் கலக்கின்றனவா, அல்லது அக்குறுகிய கடலே அவற்றைப் பிரித்துவைத்துள்ளதா? குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கெண்டிஷ் உப்புக்கொத்தியும் ஊரிலேயே இருக்கும் அனுமன் உப்புக்கொத்தியும் ஒரே சேற்றில் நிற்கும்போது எது எதுவெனக் களத்தில் பிரித்தறிவது எவ்வாறு? மிகையான உப்பை வெளியேற்றக் கடலோரப் பறவைகளுக்குக் கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பி உண்டு. வேதாரண்யத்து உப்பளங்களின் செறிவுக்கு ஈடுகொடுக்க அச்சுரப்பியில் எந்த மரபணுக்கள் கூடுதலாக இயங்குகின்றன? இவற்றுள் எதற்கும் விடை காண, உப்பளத்து வரப்பில் கூடு எங்கே இருக்கும் என்று தெரிந்தவரின் கண் முதலில் வேண்டும்.

நடத்தையைக்கூட மரபணுவில் படிக்க முடியும் என்பதற்கு, குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வலசை வரும் பேதை உள்ளான் சான்றாகிறது. இப்பறவையின் ஆண்கள் மூவகை: களம் காத்துப் போரிடுவோர், அவர்களை ஒட்டி வாழ்வோர், பெண்ணைப்போல் தோன்றிக் கூட்டத்தில் நுழைவோர். இவ்வேறுபாடு ஏறத்தாழ 38 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறப்புரியின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியதால் தோன்றியது என்பதை 2015இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அத்துண்டில் இருப்பவை சுமார் 125 மரபணுக்களே.

ஆய்வு வாய்ப்புகளை அருகிலிருந்தே தொடங்கி எண்ணலாம். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலின் அ.வ.அ. கல்லூரி காட்டுயிரியலைக் கற்பிக்கிறது; பிச்சாவரம் நீர்ப்பறவைகளைப் பற்றி அங்கிருந்து நாகராஜனும் தியாகேசனும் எழுதிய கட்டுரை 1996இலேயே ‘ஐபிஸ்’ இதழில் வந்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் துறை இருக்கிறது. கோவை ஆனைகட்டியில் 1990இல் தொடங்கப்பட்ட சாலிம் அலி பறவையியல் மையம், இன்று இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் தென்னிந்திய மையமாகச் செயல்படுகிறது. மரபணுத்தொகையை வாசிக்கும் பயிற்சிக்கு ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையமும் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் இருக்கின்றன. மலைக்காட்டுப் பறவைகளை டி.என்.ஏ. வழியே ஆராய்ந்து, வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் உள்ளிட்டோர் 2017இல் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இரு புதிய பேரினங்களை நிறுவினர். அத்தகைய உழைப்பு கழிமுகப் பறவைகளுக்கும் கிடைக்க வேண்டும். சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெறுவோருக்கு, 2023 ஜனவரி முதலான விகிதப்படி, முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் பின்னர் முதுநிலையில் 42,000 ரூபாயும் வழங்கப்படுகிறது. கேட் தேர்வில் சூழலியலுக்கும் பரிணாமத்துக்கும் தனித்தாளே உண்டு. புள்ளியியலும் கணினி நிரலும் தெரியாமல் இத்துறையில் நகர முடியாது என்பதால், முதுகலைக் காலத்திலேயே அவற்றைக் கற்றுக்கொள்வது நல்லது.

காரைக்காலில் ஆய்வு செய்வோருக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை உண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, பறவையைப் பிடிப்பதற்கே தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் அனுமதியைக் கேட்கிறது. உப்புக்கொத்தியோ வாஞ்சூர் எல்லையை அறியாமல் புதுச்சேரி மண்ணிலிருந்து தமிழ்நாட்டு மண்ணுக்குப் பறந்து போகிறது. எனவே இக்கரை முழுவதையும் ஒரே ஆய்வாகப் படிக்க விரும்பும் மாணவர் இரண்டு அரசுகளின் வனத்துறைகளுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். குருதி மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின்படி, சென்னையிலுள்ள தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் நடைமுறையையும் பின்பற்ற வேண்டும். கூடு கட்டும் பருவம் எவருடைய கோப்புக்காகவும் காத்திராது என்பதால், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த முதல் ஆண்டிலேயே இவ்விண்ணப்பங்களை அனுப்பிவிட வேண்டும்.