ஒரே இரவு மலரும் கள்ளிப் பூ!
விடிந்தால் வாடிவிடும்; அதற்குள் மகரந்தம் சேர்க்க வேண்டும்

டிராகன் பழம் இப்போது பழக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. சிவந்த தோல், தோல் மேல் செதில் செதிலாக இருக்கும். இதைத் தருவது ஒரு கள்ளிச் செடி. தொட்டியில் நட்டு, மொட்டை மாடியிலேயே பலர் வளர்க்கிறார்கள்.

செடி செழிப்பாக வளரும். பூவும் பூக்கும். ஆனால் சில வீடுகளில் பழம் மட்டும் வராது. ஐந்தாறு நாளில் பூ மஞ்சளாகி, அடியோடு உதிர்ந்துவிடும்.

தண்ணீர் போதவில்லையா? உரம் போதவில்லையா? வீட்டார் கவலைப்படுவார்கள். பல வீடுகளில் குறை அதுவல்ல. பூவில் மகரந்தம் சேரவில்லை!

வவ்வாலின் வேலை

இந்தக் கள்ளியின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே இருட்டியதும் வவ்வால்களும் பெரிய அந்துப்பூச்சிகளும் தேன் குடிக்க வரும். ஒரு பூவின் மகரந்தத்தை முகத்தில் ஒட்டிக்கொண்டு போய் அடுத்த பூவில் சேர்க்கும்.

நம் மாடியில் அவற்றை நம்பி இருக்க முடியாது. விடியற்காலையில் தேனீ வரும். ஆனால் இந்தப் பூ தேனீக்கு ஏற்ற பூ அல்ல. ஏறக்குறைய 1 அடி நீளம்! உள்ளே நூற்றுக்கணக்கான மஞ்சள் இழைகள். அவற்றில்தான் மகரந்தத் தூள் இருக்கிறது. நடுவே தடித்த தண்டு ஒன்று நீண்டு, நுனியில் நட்சத்திரம் போல விரிந்திருக்கும். அதுதான் சூல்முடி. தேனீ இழைகளில் தூளைச் சேர்த்துக்கொண்டு, சூல்முடியைத் தொடாமலே பறந்துவிடுவது உண்டு.

ஆகவே வவ்வாலின் வேலையை மனிதன் செய்ய வேண்டியிருக்கிறது.

வேலை சுலபம். இரவு பூ நன்றாக விரிந்த பிறகு, மெல்லிய பிரஷால் தூளைத் தட்டில் தட்டிக்கொள்ள வேண்டும். மற்றச் செடியின் பூவில், சூல்முடி முழுவதும் அதைத் தடவ வேண்டும். அவ்வளவுதான். மழையில் நனைந்த தூள் உதவாது.

இரண்டு செடி, ஆனால் ஒன்று!

அதே பூவின் தூளை அதற்கே தடவினால் என்ன? வெள்ளைச் சதை உள்ள வகை பெரும்பாலும் காய்க்கும். சிவப்புச் சதை வகைகளில் பல காய்க்காது. அவற்றுக்கு வேறு செடியின் தூள் வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பக்கத்து வீட்டுக் கள்ளியில் ஒரு துண்டு வாங்கி நடுகிறார்கள். பிறகு இரண்டு வீட்டுப் பூவையும் சேர்க்கிறார்கள். பலன் இல்லை! துண்டை வெட்டி நட்டால் அது தாய்ச் செடியேதான். தொட்டி இரண்டு, செடி ஒன்று. நம் வீடுகளில் 'பிரம்ம கமலம்' என்று சொல்லும் நிஷாகந்தியும் கள்ளி இனமே. அதுவும் வீட்டுக்கு வீடு துண்டாகவே போகிறது. பூப்பதோடு நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டு வகையும் ஒரே இரவில் பூக்காவிட்டால்? முதல் பூவின் தூளை ஈரமில்லாமல் காகிதத்தில் மடித்து, குளிர்சாதனப் பெட்டியில் சில நாள் வைத்திருக்கலாம்.

மகரந்தம் சேர்ந்துவிட்டால் இதழ்கள் வாடினாலும் அடிப்பகுதி பச்சையாகவே இருந்து பருக்கத் தொடங்கும். சுமார் 30 நாளில் தோல் சிவக்கும். தூள் நிறையச் சேர்ந்திருந்தால் விதையும் அதிகம்; பழமும் பெரிது. அவசரப்பட்டுப் பச்சையாகப் பறிக்கக் கூடாது. மாங்காயைப் போல வைக்கோலில் வைத்தெல்லாம் இது பழுக்காது.